சிக்னல் கிடைக்காத வீட்டில் ஒரு டவர்காரர்

என் வீட்டுக்காரரின் விசிட்டிங் கார்டில் ஒரு பதவி அச்சாகியிருக்கிறது. படித்து முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அடுத்த தலைமுறை அலைபேசி நெட்வொர்க் விரிவாக்கப் பிரிவு, இடத்தேர்வு மற்றும் உரிமையாளர் தொடர்பு அலுவலர். இத்தனை எழுத்துக்கும் அர்த்தம் ஒன்றுதான். வீடு வீடாகப் போய், "உங்க மொட்டைமாடியில ஒரு ஆன்டெனா வச்சுக்கலாமா?" என்று கேட்க வேண்டும். வெளியில் அவரை டவர்காரர் என்பார்கள். என் அம்மா வீட்டில் மொட்டைமாடி மாப்பிள்ளை. தலை நிறைய முடி இருந்த காலத்திலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. இப்போது முடியும் ஒத்துழைக்க ஆரம்பித்திருக்கிறது.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் கேட்டால், "டாக்டரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். அவர் தொழில் இதற்கு நேர் எதிர். வீட்டு உரிமையாளர் எதைக் கேட்டாலும் கையில் பதில் இருக்க வேண்டும். 'தெரியாது' என்ற சொல்லைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். ஒரு பல் டாக்டர், "ஆன்டெனாப் பெட்டி மேல புறா வந்து உட்காருமா?" என்று கேட்டார். "இந்த அலைவரிசை புறாவுக்குப் பிடிக்காது சார், பக்கத்துலயே வராது" என்றார் இவர். டாக்டருக்கு எதிர்வீட்டு அச்சகக்காரர் புறா வளர்க்கிறவர். அவர் கவலையோடு கேட்டபோது, "தாராளமா வந்து உட்காரும், பெட்டி கதகதன்னு இருக்குமில்ல" என்றார். அந்த இரண்டு மாடிக்கும் நடுவில் புறாக்கள் என்ன முடிவு எடுத்தன என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் பெரிய கூட்டம் நடக்கும். வரப்போகிற வருஷங்களில் இந்த வியாபாரம் எப்படி இருக்கும் என்று திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். இடது பக்கம் தரையில் கிடக்கிற ஒரு கோடு, வலது பக்கம் போகப்போக எழுந்து, கடைசியில் மேலே முட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாம் தலைமுறை நெட்வொர்க் வந்தபோதும் அதே கோடு, நான்காம் தலைமுறைக்கும் அதே கோடு, ஐந்தாவதுக்கும் அதே கோடு. கலர் மட்டும் மாறும். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து அதைக் கையாலேயே எனக்கு வரைந்து காட்டுவார். நாற்காலிக் காலில் ஆரம்பித்து மின்விசிறி வரைக்கும் கை போகும்.

"இதுல உங்க சம்பளம் எங்க இருக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அடியில நேரா படுத்திருக்கு பாரு ஒரு கோடு, அது" என்றார். அவருக்கும் நகைச்சுவை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

புது நெட்வொர்க்கின் சூட்சுமத்தையும் அவர்தான் எனக்குப் புரியவைத்தார். பழைய அலை மெதுவாகப் போகுமாம், ஆனால் வெகுதூரம் போகுமாம். புது அலைக்கு வேகம் பயங்கரம், ஆனால் தூரம் போகாது. குறுக்கே ஒரு சுவர் வந்தால் அப்படியே நின்றுவிடும்.

"அப்படியே உங்க குணம்" என்றேன்.

"கிண்டல் பண்ணாத. அதனாலதான் இனிமே ஊருக்கு ஒரு டவர் பத்தாது. தெருவுக்குத் தெரு பெட்டி வேணும். தெருவுக்குத் தெரு பெட்டி வேணும்னா மாடி கேக்கிற ஆள் வேணும். எனக்கு ரிட்டயர்மென்ட் வரைக்கும் கவலையே இல்ல."

இப்படிப்பட்ட மனிதரின் சொந்த வீட்டில் சிக்னல் கிடையாது. கொஞ்சநஞ்சம்கூடக் கிடையாது. மாமனார் கட்டிய வீடு. கீழ்வீடு எங்களுக்கு, மாடிவீடும் அதன்மேல் மொட்டைமாடியும் என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் தெரு முழுக்கவே அப்படித்தான். போன் பேச வேண்டும் என்றால் தெருமுனைச் சலவைக்கடை வரைக்கும் நடக்க வேண்டும். தெருவே அங்கே வந்து நின்றுதான் பேசும். எந்தக் கல்யாணம் நின்றுபோனது, யாருக்கு வேலை போனது, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் சலவைக்கடைக்காரருக்குத் தெரியும். துணி எடுக்கப் போனால் செய்தியும் சேர்த்து மடித்துக் கொடுப்பார். வயர் வழியாக இணைப்புக் கொடுக்க வந்த ஒரு கம்பெனிக்காரர், தெருவைத் தோண்ட அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று போனார், போனவர் போனவர்தான்.

"ஊருக்கெல்லாம் டவர் வைக்கிறீங்க, நம்ம தெருவுக்கு ஒண்ணு வைக்கக் கூடாதா?" என்று கேட்காத ஆள் கிடையாது. "திட்டத்துல இருக்கு" என்பார் இவர். எனக்கும் அதே பதில்தான். நானும் நம்பிக்கொண்டிருந்தேன், அந்த ஒரு விஷயத்தில் நான் அசல் முட்டாள்.

குட்டு வெளிப்பட்டது புது நெட்வொர்க் திறப்புவிழா நெருங்கியபோது. கூரைமேல் கருவி பொருத்திய கார் ஒன்றை விட்டு ஊர் முழுக்க சிக்னலை அளந்திருக்கிறார்கள். மேனேஜர் இவரைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினாராம். ஊரே பச்சைப்பசேல் என்று இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

"சார், இந்த இடம் உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு சார்."

"உங்க வீடு சார்."

மேனேஜர் இவரைவிட ரொம்பச் சின்னவர். மூச்சுக்கு ஒரு தடவை சார் போடுவார், ஒவ்வொரு சாரும் ஊசிமாதிரி இறங்கும். நான்காம் தலைமுறைக்காக முன்பு நடந்த சர்வேயையும் திறந்து காட்டியிருக்கிறார். அப்போது கார் கிடையாது, ஆட்களே போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பதிவு செய்வார்களாம். எங்கள் தெருவை நடந்து அளந்தவர் என் வீட்டுக்காரர். 'சிக்னல்: மிக நன்று' என்று போட்டிருக்கிறார். மிக நன்று என்று இருக்கிற இடத்தில் எவன் டவர் வைப்பான்?

சாயங்காலம் வந்து சொன்னபோது என் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"வீட்டுக்கு வந்தா ஆபீஸ் போன் வராதே" என்றார், சின்னப் பிள்ளைபோல.

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டருக்குப் போன் பண்ண மழையில் குடை பிடித்துக்கொண்டு சலவைக்கடைக்கு ஓடியவள் நான். அதையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தெருவுக்குள் திரும்பியதும் போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழ விழ, அவர் முகம் மலர்வதை எத்தனையோ தடவை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். சலவைக்கடை வரைக்கும் அவர் கம்பெனி ஆள், அதைத் தாண்டினால் எங்கள் ஆள். சாப்பிடும்போது சாப்பாடுதான், பேசும்போது பேச்சுதான். அந்தச் சுகத்தை நானும்தான் அனுபவித்திருக்கிறேன். அதனால் திட்டும்போது குரல் அவ்வளவாக ஏறவில்லை.

"இப்ப என்னதான் சொல்றார் உங்க மேனேஜர்?"

விஷயம் பெரிது. எங்கள் தெருவுக்குப் பின்பக்கம் ஒரு பிரமாண்டமான சரக்குக் கிடங்கு இருக்கிறது. உள்ளே ஆளில்லாமல் தானே ஓடுகிற வண்டிகள் பெட்டிகளைச் சுமந்து போகும். புது நெட்வொர்க்கை நம்பித்தான் அவற்றை வாங்கியிருக்கிறார்கள். சோதனை ஓட்டத்தில் எல்லா வண்டியும் ஜம்மென்று ஓடி, எங்கள் வீட்டுப் பக்கத்து மூலைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டதாம். ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி வரிசையாக.

"போன்ல படம் பாக்கிறவன் கொடுக்கிற காசுல புது நெட்வொர்க் போட்ட செலவு வராது" என்றார். கூட்டத்தில் கேட்ட பாடம். "அவன் பழைய காசுக்கே ரெண்டு மடங்கு வேகம் கேப்பான். கிடங்கு, தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, இவங்கதான் இனிமே படியளக்கிற வாடிக்கையாளர். இந்த ஊர்ல முதல் ஆள் இந்தக் கிடங்கு. அவங்க வேணாம்னுட்டா மத்தவங்களும் வர மாட்டாங்க. திறப்புவிழாவுக்குள்ள அந்தப் புள்ளி பச்சையாகணும். பெட்டி வைக்கத் தோதான இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"எது?"

விரலை மேலே காட்டினார்.

"கிடைக்கலன்னா?"

"எனக்குக் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்க. பொய் சர்வே கொடுத்த ஆளை வேற எவன் சேத்துக்குவான், இந்த வயசுல?"

 மருந்துக்கடைச் சம்பளம் வீட்டுக்கு எந்த மூலைக்கு? இத்தனை வருஷமாக ஊரான் வீட்டு மாடியையெல்லாம் பேசி முடித்த மனுஷன், சொந்த அக்காவின் மாடியைக் கேட்க வேண்டும் என்றதும் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. காரணம் இருக்கிறது.

அண்ணி, அதாவது என் நாத்தனார், பெண்கள் சிறையில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் வார்டனம்மா என்றுதான் பெயர். வேலையை விட்டு வந்துவிட்டார், வேலை அவரை விடவில்லை. மாடிவீட்டுக்கு ஒரு பூட்டு, படிக்கட்டுக் கதவுக்கு ஒரு பூட்டு, மொட்டைமாடிக்கு இரண்டு. சாவிக்கொத்து இடுப்பிலேயே இருக்கும். பேச்சு சுருக்கம், பார்வை நீளம். அவர் பார்த்தால் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். கணவர் போய்ப் பல வருஷமாயிற்று. ஒரே பையன் வெளிநாட்டில் வேலையாக இருக்கிறான்.

மறுநாள் காலையில் பார்த்தால், இவர் சலவைச் சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, கையில் ஃபைலோடு நிற்கிறார்.

"இப்பவே ஆபீஸ் கிளம்பிட்டீங்களா?"

"மாடிக்குப் போறேன்."

"இந்த வேஷத்துலயா?"

"வேலைன்னு வந்துட்டா அக்கா தங்கச்சி எல்லாம் கிடையாது. முறையா அணுகினாத்தான் மரியாதை" என்று சொல்லிவிட்டுப் படியேறினார். நான் பின்னாலேயே போய் இரண்டு படி கீழே நின்றுகொண்டேன். தடுத்திருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கிற ஆசையில் விட்டுவிட்டேன்.

அழைப்புமணி அடித்தார். கம்பிக்கதவுக்குப் பின்னால் அண்ணி வந்து நின்றார்.

"வணக்கம் மேடம். நான் நெட்வொர்க் விரிவாக்கப் பிரிவுல இருந்து வரேன்."

அண்ணி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்க" என்றார்.

இவர் விடவில்லை. புது நெட்வொர்க்கால் கட்டடத்தின் மதிப்பு கூடும் என்றார். "நான் விக்கப் போறதில்ல" என்றார் அண்ணி. வீட்டிலிருந்தே பாங்க் வேலையெல்லாம் முடித்துவிடலாம் என்றார். "நடந்து போனா காலுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார் அண்ணி. நாட்டின் தொழில் வளர்ச்சி என்று ஆரம்பித்தார். அண்ணி கொட்டாவி விட்டார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கையில் இருந்ததெல்லாம் தீர்ந்ததும், எந்த வீட்டிலும் தோற்காத ஒரு வசனம் வைத்திருந்தார், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோருக்கென்றே தனியாக. அதை எடுத்துவிட்டார்.

"ஒண்ணு நினைச்சுப் பாருங்க மேடம். உங்க பையன் கூப்பிட்டா, பக்கத்து ரூம்ல இருந்து பேசற மாதிரி இருக்கும். தினமும் முகத்தைப் பாத்துப் பேசலாம்."

இந்த இடத்தில் மற்ற வீடுகளில் அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்களாம். அண்ணியோ கம்பிக்கதவுக்கு உள்ளே இருந்த மரக்கதவை மெதுவாகச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு தாழ்ப்பாள்.

இவர் கீழே வந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க தப்புப் பண்ணேன்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை. அன்றைக்கே மேனேஜர் இரண்டு தடவை ஆளனுப்பிவிட்டார். போன் கிடைக்காத வீடாயிற்றே, ஆள்தானே வர வேண்டும்.

அண்ணிக்கு ரத்த அழுத்த மாத்திரை நான்தான் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுப்பேன். அந்தச் சாக்கில் சாயங்காலம் மாடிக்குப் போனேன். எனக்கு மட்டும் கதவு திறந்தது. மேஜைமேல் அண்ணியின் போன் ஒரு வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் இருந்தது. வெளியே போகும்போதுகூட அதை எடுத்துக்கொண்டு போக மாட்டார். தொலைந்துபோய்விடும் என்பார்.

"அவனை நீ அனுப்பினியா?" என்றார்.

"இல்ல அண்ணி, அவரா வந்தார். வேலைக்கே ஆபத்தா இருக்கு" என்று எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பொய் சர்வேயைத் தவிர. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணி கேட்டுக்கொண்டார். மாத்திரை அட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"தெருவுல பாக்கிறவங்க எல்லாம், பையன் பேசினானான்னு கேக்கிறாங்க. நான் என்ன சொல்றேன்? பாவம், அவன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பான், இந்த வீட்டுல சிக்னல் கிடைச்சாத்தானேன்னு சொல்றேன். எல்லாரும் ஆமாமான்னு உன் வீட்டுக்காரனைத் திட்டிட்டுப் போயிடறாங்க. எனக்கும் அப்படியே பழகிப்போச்சு. உண்மையிலேயே கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான்னு நினைச்சுக்கறேன். நாளைக்கு சிக்னல் வந்துட்டா, அப்புறம் நான் என்னத்தைச் சொல்றது? ஊருக்கு எதையாவது சொல்லிடலாம். எனக்கு நான் என்ன சொல்லிக்கிறது?"

ஜெயிலையே கட்டி ஆண்டவர். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கீழே வந்து இவரிடம் சொன்னேன்.  அவர் எழுந்து அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பனியனோடு, கையில் ஃபைல் இல்லாமல், படியேறினார். இந்தத் தடவை வேடிக்கை பார்க்க எனக்கு ஆசையில்லை. ஆனாலும் பின்னாலேயே போனேன். கால் தானாகப் போயிற்று.

"அக்கா, கதவைத் திற" என்றார்.

கதவு திறந்தது. இவர் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அண்ணி நின்றபடியே கேட்டார்.

"நீ ஊருக்கெல்லாம் என்னென்னவோ சொல்றியே. எனக்கு ஒண்ணு சொல்லு. இங்க சிக்னல் வந்தா அவன் கூப்பிடுவானா?"

 கூப்பிடுவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாவி கைக்கு வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷமாக எத்தனையோ வீட்டில் இவர் சொன்ன வார்த்தைதான். 

"தெரியாதுக்கா" என்றார்.

உடனே இவரே தொடர்ந்தார்.

"இன்னொண்ணும் சொல்லணும். இந்தத் தெருவுக்கு சிக்னல் வராமப் போனதுக்குக் காரணமே நான்தான். ஆபீஸ்ல இருந்து கூப்பிடக் கூடாதுன்னு, எல்லாம் நல்லா இருக்குன்னு பொய்யா எழுதிக் கொடுத்துட்டேன்."

அண்ணியின் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது உள்ளே போயிற்று என்று நினைக்கிறேன்.

"அப்போ," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார், "அவன் நிஜமாவே கூப்பிட்டுக் கிடைக்காமப் போயிருந்தாலும் போயிருக்கும்."

"இருக்கலாம்."

"நான் பொய்னு நினைச்சுச் சொல்லிட்டிருந்தது நிஜமா இருந்தாலும் இருக்கும்."

"இருக்கலாம்கா. அதுவும் தெரியாது."

அதற்கப்புறம் அண்ணி திட்டிய திட்டு இருக்கிறதே. கெட்ட வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் கேட்டவர்கள் ஏழு ஜென்மத்துக்கும் தப்புப் பண்ண மாட்டார்கள். எழுந்து நில் என்றார், நின்றார். கையை நேராக வை என்றார், வைத்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் படிக்கட்டில் விறைப்பாக நின்று வாங்கிக் கட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. கடைசியில் அண்ணி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, மொட்டைமாடிச் சாவிகள் இரண்டையும் பிரித்து அவர் கையில் வைத்தார்.

"மாட்டு. எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கறேன்."

இரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது. ஒரு கம்பம், ஒரு சூட்கேஸ் அளவுக்குச் சாம்பல் நிறப் பெட்டி. மாட்ட வந்த ஆட்கள் அண்ணியின் பார்வையிலேயே ஒரு ஆணியைக்கூடக் கீழே சிந்தவில்லை. பெட்டிக்கு உயிர் கொடுத்ததும் கிடங்கு மூலையில் நின்ற வண்டிகள் எல்லாம் விழித்துக்கொண்டு கிளம்பிவிட்டனவாம். மேனேஜர் நேரில் வந்து, "பிரமாதம் சார்" என்றார். அந்தச் சாரில் ஊசி இல்லை. கான்ட்ராக்ட் தொடரும் என்றும் சொன்னார். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த என் வீட்டுக்காரருக்கு, எழுந்திருப்பதற்குள் ஆபீஸிலிருந்து நான்கு தடவை போன் வந்தது. நான் தட்டை மூடி வைத்தேன்.

சாயங்காலம் அண்ணி போனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மேலே தனியாக உட்காரப் பயமாக இருந்தது போலிருக்கிறது. அப்படிச் சொல்லவில்லை, மின்விசிறி சரியாக ஓடவில்லை என்றார். போனை மேஜைமேல் வைத்தார். கைக்குட்டை இல்லை. சிக்னல் கோடுகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். விட்டுப்போன அழைப்பு இருந்தால் இப்போது காட்டும் என்று இவர் சொன்னார். ஒன்றும் காட்டவில்லை. பழசையெல்லாம் காட்டாதாம், சில நாளோடு அழிந்துவிடுமாம். அதையும் இவரே அவசரமாகச் சொன்னார்.

திடீரென்று மணி அடித்தது. அண்ணி பாய்ந்து எடுத்தார். "வாழ்த்துகள். அடுத்த தலைமுறை வேகத்துக்கு உங்களை வரவேற்கிறோம். சலுகைகளுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்றது ஒரு பெண் குரல். அண்ணி போனை இறக்கித் தம்பியைப் பார்த்தார்.

"உங்க கம்பெனி" என்றார்.

என் வீட்டுக்காரர் நாற்காலிக்குள்ளேயே கரைந்துபோய்விட்டார். எனக்கு அவரைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, அண்ணியைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. வெளியே இருட்டத் தொடங்கியது. விளக்கைப் போட்டேன். அண்ணி எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கையில் எடுத்து, பையன் பெயரைத் தேடி, வீடியோ பொத்தானை அழுத்தினார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு செடி, பக்கத்தில் காபிக் கோப்பை. கோப்பையிலிருந்து ஆவி போவதுகூட எங்களுக்குத் தெரிந்தது. அம்மாவைப் பார்த்ததும் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அப்புறம் போனைக் காதருகே கொண்டுபோய் விட்டு விட்டுப் பேசினான்.

"ஹலோ... அம்மா... ஒண்ணும் கேக்கல... சிக்னல் சரியில்ல... அப்புறமா நானே..."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். அண்ணி கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார். குரலை உயர்த்தவில்லை. சிறையில் அவர் எப்படிப் பேசியிருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"உன் காது மடல்ல இருக்கிற மச்சம்கூட எனக்குத் தெரியுதுடா. சட்டைக் காலர்ல கறை இருக்கு. இளைச்சிருக்க. சிக்னல் நல்லாத்தான் இருக்கு, உங்க மாமன் மாட்டினது. போனைக் காதுல இருந்து எடு."

அவன் எடுத்தான். முகம் சிவந்துபோயிருந்தது. காபிக் கோப்பையை நகர்த்திவிட்டு, போனை எதன்மேலோ சாய்த்து நேராக வைத்தான்.

"சாப்பிட்டியா?" என்றார் அண்ணி.

"இன்னும் இல்லம்மா" என்றான். குரல் கொஞ்சமும் விட்டுப்போகவில்லை.